மீதி முடிச்சு

தொண்டூரில் போய் அம்மாக்கண்ணு என்று கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். ஆள் அங்கே இருக்க மாட்டாள். செஞ்சியில் ராயம்மா என்று கேட்டால் கடைத்தெருவுக்குப் பின்னாலிருந்து ஆளையே கூட்டிவந்து நிறுத்துவார்கள். ஆனால் தன் வீடு என்று அவள் சொல்வது செஞ்சி வீட்டை அல்ல. இரண்டு பேரும் ஒரே ஆள்தான். என் நாத்தனார். என் வீட்டுக்காரர் வீராசாமிக்குக் கூடப்பிறந்த ஒரே அக்கா. நான் அனந்தபுரத்துப் பெண், பெயர் ரத்தினம்மாள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அதில் பொய் இல்லை.

என் மாமனார் பெரியதம்பிக்கு ஒரு தங்கை. அவளை அந்தக் காலத்திலேயே செஞ்சியில் ஒரு வேதக்கார வீட்டில் கொடுத்திருந்தார்கள். ஜனம் ஒன்றுதான். அவர்கள் பாட்டன் நாளில் மாதா கோயிலுக்குப் போக ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். போன இடத்தில் தங்கை விபூதியும் வைத்துக்கொண்டாள், ஜெபமாலையும் உருட்டினாள். ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பிறகு அவள் மகன் யாகப்பனுக்கு அம்மாக்கண்ணைக் கேட்டார்கள். முறைப்பையன், கண்ணுக்கு லட்சணமானவன், பஸ்ஸில் வேலை. மாமனார் உடனே சரி என்றார்.

ஆனால் அதற்குள் மாதா கோயிலுக்குப் புதுப் பங்குச் சாமியார் வந்திருந்தார். ஞானஸ்நானம் வாங்காத பெண்ணுக்குக் கோயிலில் தாலி ஏறாது என்று அவர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் அதை மாமனாரிடம் சொல்லப் பயந்து, கல்யாணத்துக்கு முதல் நாள் ஓசைப்படாமல் பெண்ணின் தலையில் தண்ணீர் ஊற்றி ராயம்மாள் என்று பெயர் வைத்துவிட்டார்கள். மறுநாள் பீடத்தருகே வரச்சொல்லி ராயம்மாள் என்று கூப்பிட்டபோது, வேறு யாருக்கோ கல்யாணம் போலிருக்கிறது என்று மாமனார் உட்கார்ந்தே இருந்தாராம். தன் பெண் எழுந்து போவதைப் பார்த்த பிறகுதான் புரிந்திருக்கிறது.

"நான் அம்மாக்கண்ணைக் கொடுத்தேன். இங்க எவளோ நிக்கிறா" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் வண்டி பூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அதோடு போக்குவரத்து நின்றது. மனுஷருக்கு மகள் மதம் மாறியது கூடப் பெரிதில்லை. தன்னைக் கேட்காமல் பெயரை மாற்றியதுதான் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது. ஆனால் அந்தக் கோபத்துக்குக் கூலி கொடுத்தவள் அம்மாக்கண்ணு. ஊர் உலகத்தில் எப்போதும் அப்படித்தானே.

தாய் செத்தபோது என் வீட்டுக்காரருக்கு மூன்று வயது. அக்காவின் இடுப்பில் வளர்ந்தவர். அவள் கட்டிக்கொண்டு போன அன்று கதவுக்குப் பின்னால் நின்று அழுதவர், என்னைக் கட்டிக்கொள்ளும் வயதிலும் அக்கா பேச்சை எடுத்தால் கண்ணைத் துடைக்க முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

எங்கள் கல்யாணம் யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது நடந்தது. சர்க்கரைக்கும் மண்ணெண்ணெய்க்கும் கூப்பன். செஞ்சியில் இருந்த அக்காவுக்கு வெற்றிலைபாக்கு அனுப்ப மாமனார் மறுத்துவிட்டார். என் வீட்டுக்காரர் அப்பாவுக்குத் தெரியாமல் தானே போய்க் கூப்பிட்டிருக்கிறார்.

"நைனா கூப்டாம எந்த மூஞ்சோட வருவேன்? எங்க சாமியாரும் அஞ்ஞானிங்க கல்யாணத்துல மணையாண்ட நிக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாரு. நீ போய் நல்லபடியா தாலி கட்டு. முடிச்சு வேற எவளாவது போடட்டும்" என்றாளாம்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை போடுவது ஒரு முடிச்சுதான். மீதி இரண்டையும் அவன் கூடப்பிறந்தவள் பின்னால் நின்று போடவேண்டும். சொந்த அக்கா இல்லாததால் சித்தப்பா மகள் வசந்தாவைத் தயாராக நிறுத்தியிருந்தார்கள். கெட்டிமேளம் முழங்கியது. என் வீட்டுக்காரர் ஒரு முடிச்சைப் போட்டார். வசந்தா கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைத் தள்ளிவிட்டார்.

"மீதிய எங்கக்கா போடுவா" என்றார்.

நான் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தேன். மேளக்காரர் கை ஓய்ந்துபோகும்வரை அடித்தார். முகூர்த்த நேரத்தில் பிள்ளையைத் திட்டினால் அபசகுனம் என்று மாமனார் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். எங்கள் நைனா செல்லப்பன் மட்டும், "இன்னா சம்மந்தி இது?" என்று இரண்டு தரம் கேட்டார். கடைசியில் எந்தப் புண்ணியவானோ அட்சதையை வீசினான், எல்லாரும் வீசினார்கள், பந்தி போட்டார்கள்.

அட்சதை போட்டவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஒற்றை முடிச்சோடு குடும்பம் நடத்தியவள் நான். தண்ணீர் சேந்தும்போது ஒரு கை கயிற்றில், ஒரு கை கழுத்தில். களை எடுக்கக் குனிந்தால் பயம். புரண்டு படுத்தால் பயம். முகம் தெரியாத அந்த நாத்தனாரை நான் வையாத நாள் இல்லை. வீட்டுக்காரரிடம் சொன்னால், "அக்கா வரும்" என்பார். எப்போது என்று கேட்டால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். ஆடி மாதம் ஒரு நாள் நான் பிடித்த பிடியில் நின்றேன்.

"உங்கக்கா வரமாட்டா. நாமதான் போவணும். கயிறு கெணத்துல வுழுந்தா அப்புறம் யாரைக் கேக்கறது?"

சந்தைக்குப் போகிறோம் என்று மாமனாரிடம் சொல்லிவிட்டு வண்டியில் ரோட்டுக்கு வந்து பஸ் பிடித்தோம். அது கரி பஸ். பின்பக்கம் அடுப்பு வைத்து, கரியை மூட்டி, அந்தப் புகையில் ஓடுகிற பஸ். மேடு வந்தால் ஆட்கள் இறங்கித் தள்ளவேண்டும். கோட்டை மலை கண்ணுக்குத் தெரிந்த பிறகும் வெகுநேரம் கழித்துத்தான் செஞ்சி வந்தது. என்ன என்ன கேட்கவேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன்.

வாசலில் மாவிலைத் தோரணம் காய்ந்து தொங்கியது. உள்ளே மாதா படம், அதற்கு முன்னால் அகல் விளக்கு. அம்மாக்கண்ணு முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். என் வீட்டுக்காரருக்கு இருக்கிற அதே விடைத்த காது. அவள் முதலில் பார்த்தது தம்பியை இல்லை, என் கழுத்தை.

"அடப்பாவி. ஒத்த முடிச்சோடயா இவள வச்சிருக்க?" என்று தம்பியின் முதுகில் ஒன்று வைத்தாள். அவர் சின்னப் பையன் மாதிரி சிரித்தார். அப்படிச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. அடுக்கி வைத்த வார்த்தைகளில் ஒன்றுகூட எனக்கு வாயில் வரவில்லை.

அவள் கழுத்திலும் மஞ்சள் கயிறுதான், மூன்று முடிச்சுதான். தாலியில் மட்டும் ஒரு புறா இருந்தது. இதற்காகவா இரண்டு பக்கமும் இத்தனை முறைப்பு என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

கை கால் கழுவிக்கொண்டு வந்தாள். என்னைக் கிழக்கே பார்த்து உட்காரவைத்து, தலைமயிரை ஒதுக்கி, இரண்டாவது முடிச்சைப் போட்டாள். இறுக்கமான முடிச்சு. மூன்றாவதற்காகக் குனிந்தே இருந்தேன். அவள் மயிரை இறக்கிவிட்டுவிட்டாள்.

"இன்னொன்னு இருக்குதே அண்ணி."

"அத வூட்டுல வந்து போடுறேன்" என்றாள்.

"இன்னா வெளையாட்டா இது?"

"வெளையாட்டு இல்ல ரத்தினம். அதுவும் இங்கயே ஆயிட்டா அந்த வூட்டுல எனக்குன்னு இன்னா இருக்குது? நைனா கூப்டட்டும். வந்து போடுறேன்."

அதற்குப் பிறகு கேள்விமேல் கேள்வி. கிணற்றடி முருங்கை இருக்கிறதா. சமணர் படுக்கைப் பாறையில் இன்னும் வேர்க்கடலை காயப்போடுகிறார்களா. நைனா ராத்திரியில் இருமுகிறாரா, வெந்நீர் யார் வைத்துத் தருகிறார்கள். அவள் மகள் ரோஸ்மேரி ஐந்து வயதுக் குழந்தை, அதுகூட, "எங்க ஊர்ல முருங்கை இருக்குது" என்றது. அது பார்க்காத ஊர். கேட்டுக் கேட்டுப் பாடமாகியிருந்தது. யாகப்பன் உடம்பெல்லாம் கரியோடு வேலையிலிருந்து வந்தார். என்னை ஓரமாக அழைத்து, "நான் ஒரு கொறையும் வக்கல தங்கச்சி. ஆனா சாயங்காலமானா தொண்டூர் போற வந்தவாசி ரோட்டப் பாத்துக்கினு நிக்கிறா" என்றார். பாவம், நல்ல மனுஷர். அவர் தரக்கூடியது எல்லாம் தந்திருந்தார்.

திரும்பி வந்த பிறகு நான் அவளை வையவில்லை. வைவதற்கு மாமனார் இருந்தார். மனசுக்குள்தான். ஆடிப் பெருக்குக்கு ஆடிப் பெருக்கு கயிறு மாற்றும்போதும் இரண்டு முடிச்சோடு நிறுத்திக்கொண்டேன். எனக்கே அது பிடிவாதமாகிவிட்டது. யுத்தம் முடிந்தது. கரி பஸ் போய் பெட்ரோல் பஸ் வந்தது. அவளுக்கு அழைப்பு வரவில்லை. செஞ்சிச் சந்தைக்குப் போனால் அவள் வீட்டில் எட்டிப்பார்ப்போம். "நைனா எதுனா சொன்னாரா?" என்பாள். நாங்கள் இல்லை என்று சொல்ல மாட்டாமல் வேறு பேச்சுக்குப் போவோம்.

ஊரில் எதை மறைக்க முடியும்? ஒரு நாள் கிணற்றடியில் பக்கத்து வீட்டுத் தனகோட்டி என் கழுத்தைப் பார்த்துவிட்டாள். பெரியதம்பி மருமகள் இன்னும் அரைத் தாலியோடு திரிகிறாள் என்று தெரு முழுக்கச் சேதி போய்விட்டது. மாமனார் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா, ஊரே சிரிக்குது. மீதிய ஏன் போடல?"

"மீதி செஞ்சியில இருக்குது மாமா. கூப்ட்டா வரும்" என்றேன்.

இதைச் சொல்லிவிட்டு அடி விழுமோ என்றுதான் நின்றேன். அவர் அன்றைக்குக் களியைத் தொடவில்லை. அடுத்த சந்தைக்குக் கடலை மூட்டையோடு தானே போனார். பிற்பாடு யாகப்பன் சொல்லித்தான் தெரியும்: வீட்டுக்குள் போகாமல் தெருவிலேயே நின்றாராம், மகள் முகத்தைப் பார்க்காமல், "வூட்டுல ஒரு வேலை பாக்கி இருக்குது. வந்து செஞ்சிட்டுப் போ" என்றாராம். அவ்வளவுதான். எவ்வளவோ வருஷத்துக்குப் பிறகு மகளிடம் சொன்ன வார்த்தை. அவளுக்குச் சாமியாரிடம் கேட்கலாமா என்று ஒரு தயக்கம். "தாய்வூட்டுக்குப் போவ யார்கிட்டயும் கேக்க வேணாம்" என்று யாகப்பன் சொல்லிவிட்டார்.

கார்த்திகை வெள்ளிக்கிழமை காலையில் வந்தாள். தனியாகத்தான் வந்தாள், அழைத்தது அவளை மட்டும்தானே. மாமனார் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "வந்தியா" என்றார். பழைய பெயரும் சொல்லவில்லை, புதுப் பெயரும் சொல்லவில்லை.

அவள் நேரே என்னிடம் வரவில்லை. கிணற்றடிக்குப் போனாள், முருங்கையைத் தடவினாள், மாட்டுக்கொட்டகையில் நின்றாள், அடுப்பு இடம் மாறியிருப்பதைப் பார்த்து முகம் வாடினாள். களியும் கடலைத் துவையலும் போட்டேன். செஞ்சியில் கடலைக்கு இந்த ருசி இல்லை என்றாள். இரண்டும் ஒரே மண்ணில் விளைந்த கடலைதான். நான் எதிர்த்துப் பேசவில்லை. உச்சி சாய்ந்தது. சாயங்கால பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். இருந்துவிட்டுப் போ என்று மாமனார் சொல்வார் என்று நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள். வெளியே கட்டில் கயிறு முனகும் சத்தம்தான் கேட்டது.

நானே மணையை எடுத்துப் போட்டு உட்கார்ந்து, தலைமயிரை ஒதுக்கிக் குனிந்தேன். பின்னால் வந்து நின்றாள். கயிற்றைக் கையில் எடுத்தாள். அவள் விரல் என் பிடரியில் பட்டது. நேரம் போயிற்று. முடிச்சு விழவில்லை.

"போடுங்க அண்ணி."

"போட்டுட்டா அப்புறம் எதுக்குடி என்னக் கூப்டுவாரு?" என்றாள். என் முதுகில் சொட்டுச் சொட்டாகச் சூடாக விழுந்தது.

பெற்ற வீட்டுக்குள் வருவதற்கு ஒரு மகள் என் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டியிருக்கிறதே என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து மாமனார் வெளியிலிருந்து, "ஆச்சா?" என்றார்.

"இல்ல மாமா" என்றேன். "கயிறு ஈரமா இருக்குது. ஈரத்துல போட்டா நிக்காது. அண்ணி இன்னொரு தபா வந்துதான் போடணும்."

கயிறு காய்ந்து முறுக்கேறிக் கிடந்தது. ஈரக் கயிற்றில் போட்ட முடிச்சுதான் இறுகிப் பிடிக்கும் என்பது, பிறந்தது முதல் மாடு கட்டுகிற மனுஷருக்குத் தெரியாதா? வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லிவிட்டு நான் பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன். கட்டில் முனகியது. எழுந்து உள்ளே வரப்போகிறார் என்று நினைத்தேன். வரவில்லை. ஒரு தரம் இருமினார்.

"சரி. பொங்கலுக்கு வரட்டும்" என்றார். "யாகப்பனையும் கொயந்தையையும் கூட்டிக்கினு வரச்சொல்லு."

கட்டிக்கொடுத்த மகளைப் பொங்கலுக்கு வேலை செய்ய யாரும் கூப்பிடுவதில்லை. மகள் என்பதற்காகக் கூப்பிடுவது அது. அம்மாக்கண்ணு கயிற்றை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"பொங்கலுக்குன்னா சொன்னாரு?" என்று என்னைக் கேட்டாள்.

"ஆமா அண்ணி. பொங்கலுக்குத்தான்."

நம்பாமல் மறுபடியும் கேட்டாள்.