தமிழில் விழுந்த ஓட்டு

பர்மாவில், பசுந்தாங்கில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் அந்த நூலகம். ஏதோ ஒரு நாட்டுத் தூதரகம் நடத்தியது. படியேறியதும் அந்த நாட்டு ஜனாதிபதிகள் வரிசையாகப் படச் சட்டத்துக்குள் இருந்து நம்மைப் பார்ப்பார்கள். சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு அவர்களுடைய வரலாறும், குடிமக்கள் கடமையும் சொல்லிக்கொடுப்பார்கள். நாங்கள் போனது பாதி அதற்காக, பாதி அங்கே இருந்த ஏசிக்காக.

பத்து வயதுப் பெண்ணான என்னைத் தனியே அனுப்ப அப்பாவுக்கு மனமில்லை. துணைக்கு அக்கா வருவாள். வீட்டில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும் என்று அவளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. பர்மிய மொழியில் சந்தைக்காரிகளோடு வாயடித்து ஜெயிப்பாள், எழுத வராது. அம்மா கற்றுக்கொடுத்த தமிழ்தான் எழுதுவாள்.

எனக்கோ இரண்டு பெயர்கள். வீட்டில் தமிழ்ப் பெயர், வெளியே பர்மியப் பெயர். நான் தமிழச்சி என்று நூலகத்தில் யாருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். என் முகத்துக்கு மட்டும் அந்த ரகசியத்தைக் காக்கத் தெரியவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கினால் தமிழ் பேசக்கூடாது என்று அக்காவுக்குச் சட்டம் போட்டிருந்தேன்.

“உத்தரவு மகாராணி” என்பாள்.

கடைசி வாரம் ஒரு தேர்தல். வருகிறவர்களுக்குப் படங்களை விளக்கிச் சொல்ல ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நானும், தின்கன்ஜூனிலிருந்து வந்த ஒரு டீச்சர் மகளும் நின்றோம். துணைக்கு வந்தவர்களுக்கும் ஓட்டு உண்டு என்றார் சயாமா. எங்கள் ஆசிரியையை அப்படித்தான் கூப்பிடுவோம். அக்கா ஒரு மூலைக்குப் போய், கையால் மறைத்துக்கொண்டு, வெகுநேரம் எழுதினாள். நாலாய் மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டுப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எண்ணி வந்தபோது இருவரும் சமம். மிச்சம் ஒரே சீட்டு. சயாமா அதைப் பிரித்து, தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

“இது என்ன எழுத்து?”

“கலா எழுத்து, சயாமா” என்றான் முன்வரிசைப் பையன். இந்தியர்களை இளக்காரமாகச் சொல்லும் சொல் அது. அறையே சிரித்தது.

சயாமா சீட்டை என் பக்கம் நீட்டினார். “உனக்குப் படிக்கத் தெரியுமாம்மா?”

அக்காவின் கையெழுத்தில், கோணல் மாணலாய், என் வீட்டுப் பெயர்.

“தெரியாது, சயாமா.”

அக்காவின் கை பாதி உயர்ந்தது. என் முகத்தைப் பார்த்தாள். உயர்ந்த கையால் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள்.

அந்தச் சீட்டு செல்லாது என்றாகி, குலுக்கிப் போட்டதில் டீச்சர் மகள் ஜெயித்தாள். எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவள் நான்தான்.

திரும்பும்போது பஸ்ஸில், திட்டு வரும் என்று ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். அக்கா மெதுவாகத்தான் கேட்டாள்.

“என் எழுத்து அவ்வளவு மோசமாவாடி இருந்துச்சு?”

“ஆமா” என்றேன்.

தோற்றது நான்தானே, அடுத்தவருக்கு இதில் என்ன நஷ்டம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். சீட்டில் இருந்தது என் பெயர், அதனால் அது என்னுடையது என்று நினைத்துவிட்டேன். உன் விருப்பம் என்ன என்று அக்காவிடம் அதுவரை யாருமே கேட்டதில்லை என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.