செம்புக் கம்பி மூன்று சுற்று

ஆரணியில் டீசல் வண்டி என்றால் ஜெயவேல்தான் என்று ஒரு காலம் இருந்தது. அந்தக் காலம் 1999 சித்திரையோடு முடிந்துபோனது. அந்த மாதம்தான் அமல்ராஜ் சென்னையில் வேலை பார்த்தது போதும் என்று ஊருக்கு வந்து, சேவூர் சாலையில் ஜெயவேல் பட்டறைக்கு நேர் எதிரே பட்டறை போட்டான். நேர் எதிரே! ஊரில் வேறு இடமே இல்லாத மாதிரி.

அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல் ஜெயவேலுக்கு. காலையில் எதிரே எத்தனை வண்டி நிற்கிறது என்று எண்ணாமல் டீ இறங்காது. மூன்றுக்கு மேல் நின்றால், சர்க்கரை போதவில்லை என்று டீக்கடைக்காரரோடு சண்டை. அமல்ராஜின் வெள்ளைச் சட்டையில் கிரீஸ் படுவதே இல்லை. ஜெயவேல் கணக்கில் அதுவும் ஒரு குற்றம்தான்.

"வேலை செய்றவன் சட்டையா அது? மாப்பிள்ளை சட்டை," என்று மனைவி செல்லம்மாளிடம் பொருமுவார்.

"உங்க சட்டைய துவைக்கிறவ நானு. அந்த ஆளு சட்டை மேல எனக்கு இன்னா கோவம்?" என்பாள் அவள். சொந்த வீட்டிலேயே எதிரிக்கு ஆள் இருப்பதாக நொந்துகொள்வார்.

ஒரு வீடு மட்டும் அவர் கையைவிட்டுப் போகவில்லை. பட்டு வியாபாரி சந்திரமோகன் வீடு. அங்கே இருந்த டீசல் அம்பாசிடரின் பானெட்டைப் பத்து வருடமாக ஜெயவேலைத் தவிர யாரும் திறந்ததில்லை. 1998-இல் சந்திரமோகன் மாரடைப்பில் இறந்தார். அவர் மனைவி அபிதகுசாம்பாள் வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். மூன்று வருடம் அது அப்படியே கிடந்தது.

2001 தையில் மகள் தேவிப்ரியாவுக்குக் கல்யாணம். பெண் அழைப்பு அப்பாவின் வண்டியில்தான் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். ஜெயவேலுக்கு ஆள் போனது.

அரை நாள் வேலை என்று நினைத்துத்தான் வந்தார். செத்த பேட்டரியை மாற்றினார். குளிர்ந்த இஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்குகளில் இரண்டு எரிந்துபோயிருந்தன. புதிது போட்டார். இஞ்சினை நிறுத்த இழுக்கும் ஸ்டாப் கேபிள் துருப்பிடித்து இறுகியிருந்ததை எண்ணெய் விட்டு இளக்கினார். ஃபில்டர் மாற்றி, புது டீசல் ஊற்றி, டீசல் குழாயில் நின்ற காற்றை வெளியேற்றிவிட்டு செல்ஃப் அடித்தார். வண்டி எழுந்தது. ஜெயவேல் எதிர்ப்பட்டறை இருக்கும் திக்கை நோக்கி ஒரு சிரிப்புச் சிரித்தார். அரை நிமிடத்தில் வண்டி இருமிக்கொண்டு நின்றது.

மறுபடி காற்றை எடுத்தார். மறுபடி எழுந்து, மறுபடி நின்றது. மூன்றாம் நாள் டிராக்டரில் கயிறு கட்டி மார்க்கெட் வரை இழுத்துப் பார்த்தார். கயிற்றோடு போன வண்டி கயிற்றோடே திரும்பியது.

"இன்னா ஜெயவேலு, மூணு நாளா உருட்டிகினே இருக்கிற. முகூர்த்தத்துக்கு அஞ்சு நாளுதான் இருக்குது," என்றார் அபிதகுசாம்பாள். "எதிர்ப்பட்டறைக்காரர கூப்பிடட்டுமா?"

"இந்த வண்டியப் பத்தி அவனுக்கு இன்னாம்மா தெரியும்?"

"எனக்கு பேஜாரா இருக்குதுப்பா. யாரு இத எழுப்புறாங்களோ, இனிமே அவங்களே இந்த வீட்டு வண்டிய பாத்துக்கட்டும்."

அமல்ராஜ் வந்தான். ஜெயவேல் மரியாதையாக வீட்டுக்குப் போயிருக்கலாம். கால் நகரவில்லை. கல்யாணப்பெண் ஆட்டோவில் போனாலும் சரி, இவன் கையால் மட்டும் இந்த வண்டி கிளம்பக் கூடாது என்று மனதார வேண்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணா, இன்னா இன்னா பாத்தீங்க?"

"எல்லாம்."

அமல்ராஜ் இஞ்சினை நோண்டவில்லை. டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் டியூபைப் போட்டு, மறுமுனையை ஒரு கேன் டீசலுக்குள் விட்டான். காற்றை எடுத்து செல்ஃப் அடித்தான். வண்டி எழுந்தது. ஒரு நிமிடம் ஆனது, ஐந்து நிமிடம் ஆனது, நிற்கவே இல்லை. இவ்வளவு சின்னச் சோதனை தனக்குத் தோன்றவில்லையே என்று ஜெயவேலுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"இஞ்சின் நல்லாதான் இருக்குது. டேங்க்ல ஏதோ அடைச்சிகினு இருக்குது," என்றான் அமல்ராஜ்.

அப்போதுதான் ஜெயவேலுக்கு ஞாபகம் வந்தது.

சந்திரமோகன் இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு, களம்பூர் போய்வந்த வழியில் டேங்க் மூடி எங்கோ விழுந்துவிட்டது. வேறு வீடாக இருந்தால் ஜெயவேல் கந்தல் துணியால் அடைத்திருப்பார். இந்த வீட்டில் கந்தலுக்கு எங்கே போவது? நூல் சுற்றும் அறையில் கூடை நிறையக் கழிவுப் பட்டு கிடந்தது. அரக்கு நிறத்தில் ஒரு கை அள்ளி உருட்டி, செம்புக் கம்பியால் மூன்று சுற்றுச் சுற்றி, டேங்க் வாயில் திணித்தார். எதை அடைத்தாலும் அப்படிச் சுற்றுவது அவர் வழக்கம். ஆரணி டிரைவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். ஒரு வாரம் கழித்துப் புது மூடியோடு வந்தபோது உருண்டையைக் காணோம். வழியில் விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டார். பட்டு வழுக்கிக்கொண்டு உள்ளே போகும் என்று யார் கண்டது?

டேங்கை இறக்கி, உள்ளே வளைந்த கம்பியை விட்டான் அமல்ராஜ். ஊறி உப்பிய அரக்குப் பட்டு இழை இழையாக வெளியே வந்தது. அதன் நடுவில் செம்புக் கம்பி, மூன்று சுற்று. அவன் கம்பியைப் பார்த்தான். பிறகு ஜெயவேலைப் பார்த்தான்.

"இன்னாங்க கெடச்சுது?" என்று வாசலிலிருந்து அபிதகுசாம்பாள் கேட்டார். ஜெயவேல் தார்ப்பாயை மடிக்க ஆரம்பித்தார்.

அமல்ராஜ் டீசல் சொட்டச் சொட்ட அந்த உருண்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"அடியில கசடும்மா. மூணு வருசம் நின்ன வண்டி, அப்படித்தான் இருக்கும். அண்ணா இஞ்சின் வேலையெல்லாம் பக்காவா முடிச்சி வச்சிட்டாரு, அதான் ஒரே செல்ஃப்ல எழுந்துச்சு. அவரே பாத்துக்கட்டும்மா, அவரு கைப்பட்ட வண்டி."

பெண் அழைப்பு அந்த வண்டியில்தான் நடந்தது. ஓட்டியது ஜெயவேல். வீடும் அவர் கையிலேயே இருந்தது.

மறுநாள் காலை டீக்கடையில் நின்றார். எதிரே நான்கு வண்டிகள். அங்கே கொடியில் அமல்ராஜின் அந்த வெள்ளைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது, பையைச் சுற்றிக் கறை போகவே இல்லை. படுபாவி, காட்டிக்கொடுத்திருந்தால் ஆயுள் முழுக்க அவனைத் திட்டிக்கொண்டே நிம்மதியாக இருந்திருக்கலாம். அந்தச் சுகத்தையும் பறித்துக்கொண்டானே என்று நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது. சர்க்கரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் டீயைக் குடித்து முடித்தார்.