கட்டிப்புடி வண்டியில் ஏழு வருடம்

டயர் கம்பெனி என்றால் டயர் செய்கிறவர்களைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். செய்த டயரை அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே அடுக்கி வைத்தே ஆயுசைத் தீர்க்கிற எங்களை யாரும் கேட்பதில்லை. கிடங்கில் காலம் தள்ளுகிறவர்கள் இதைப் படித்தால் "ஆமாம், ஆமாம்" என்று தலையாட்டுவீர்கள். குளித்து முடித்த பிறகும் ரப்பர் வாசனையோடு சோற்றில் கை வைக்கிற சனம்தானே நாம். மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

என் பெயர் சுமதி. ஊர் தியாகதுருகம். கள்ளக்குறிச்சிக்கு வெளியே ஒரு டயர் கம்பெனியின் கிடங்கில் வண்டி ஓட்டுகிறேன். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். சம்பாதிக்கிற ஆள் நான் ஒருத்திதான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் சாக்கு மாதிரி சொல்லக் கூடாது.

பச்சையும் சிவப்பும்

எங்கள் வண்டிக்கு முன்னால் குத்தித் தூக்குகிற இரும்புப் பற்கள் கிடையாது. இரண்டு அகலமான கைகள் உண்டு. டயர் அடுக்குக்கு நேராகப் போய் நின்று லீவரை இழுத்தால், கைகள் இரு பக்கமும் நெருங்கி வந்து ஐந்தாறு டயரை மொத்தமாக அணைத்துக்கொள்ளும். அப்படியே தூக்கிக்கொண்டு போய் லாரியில் வைக்கலாம். இங்கிலீஷில் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. வந்து இறங்கிய அன்றே எங்கள் ஆட்கள் அதைக் கட்டிப்புடி வண்டி ஆக்கிவிட்டார்கள். அதில் ஒரு பொம்பளை உட்கார்ந்ததும் என்னவெல்லாம் கேலி நடந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

என் இருக்கைக்கு வலது பக்கம், கீழே நிற்கிறவருக்கும் தெரிகிற மாதிரி ஒரு திருகு இருக்கிறது. பச்சைப் புள்ளியில் வைத்தால் லேசான பிடி, அது கார் டயருக்கு. சிவப்புப் புள்ளியில் வைத்தால் இறுக்கமான பிடி, அது லாரி டயருக்கு. படிப்பு இவ்வளவுதான். வண்டியைக் கொண்டுவந்து பழக்கிக் கொடுத்த மெக்கானிக், கிளம்பும்போது துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இத மட்டும் மறந்துடாதம்மா. புடி ஜாஸ்தியானா டயர் போவும், கம்மியானா ஆள் போவும்."

கரும்பு ஏற்றிய கால்

வண்டி மட்டும் தனியாக வேலை செய்துவிடாது. தூக்கும் முன் அடுக்கை நேராக்க, வைக்கும்போது கை காட்ட, கீழே ஓர் ஆள் வேண்டும். எனக்கு அப்படி அமைந்தவர் ஏழுமலை அண்ணன். ஊர் மூங்கில்துறைப்பட்டு போகிற சாலையில். சொந்தமாக நிலம் இல்லை. கம்பெனிக்கு வரும் முன் பதினைந்து வருடம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டி டிராக்டரில் ஏற்றியவர். முதல் வாரம் மற்றவர்கள் செய்த கேலியை நிறுத்தியதும் அவர்தான். சத்தம் போடவில்லை, "அது வண்டி ஓட்டுது, நீ இன்னா ஓட்டுற?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

கரும்பு லோடு ஏற்றியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கட்டிலிருந்து ஒரு கழி துருத்திக்கொண்டு நின்றாலும் உள்ளங்காலால் ஓர் உதை விட்டு உள்ளே தள்ளுவார்கள். இல்லாவிட்டால் வழியில் எதிரே வருகிறவனைக் குத்தும். அந்தப் பழக்கத்தை அண்ணன் டயருக்கும் கொண்டுவந்துவிட்டார். அடுக்கில் ஒரு டயர் இரண்டு விரல் வெளியே நின்றால் போதும், கால் தானாக எழும்பிவிடும். டீக் கடையில் பெஞ்சு கோணலாக இருந்தால் அதையும் உதைத்துவிட்டுத்தான் உட்காருவார். "தூக்கின அடுக்குகிட்ட காலக் கொண்டுபோவாதய்யா" என்று சூப்பர்வைசர் நூறு முறை திட்டியிருப்பார். அண்ணன் ஒவ்வொரு முறையும் நிஜமாகவே வெட்கப்பட்டுக்கொண்டு ஒரே பதிலைத்தான் சொல்லுவார்: "கண்ணு பாக்கறதுக்குள்ள காலு போயிடுதுங்க, நான் இன்னா பண்றது?"

திருக்கோவிலூர்க்காரர்

ஒரு நாள் சிவப்பில் லாரி டயர் ஏற்றி முடித்த கையோடு, திருகை மாற்றாமல் கார் டயரைத் தூக்கிவிட்டேன். நாலு அடுக்கு. நெளிந்தது எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் திருக்கோவிலூரில் கடை வைத்திருக்கும் ஒருவர் அத்தனையையும் குட்டியானை வண்டியில் போட்டுக்கொண்டு வந்து கிடங்கு வாசலில் இறக்கினார்.

சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் என்னைக் கிழித்துத் தொங்கப்போட்டார். அன்றிலிருந்து நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எந்த டயரை இறக்கினாலும் சரி, இறக்கிய உடனே திருகைப் பச்சைக்குக் கொண்டுவந்துவிடுவேன். இனிமேல் ஒரு டயர் நெளியாது என்று எனக்குப் பெருமைகூட இருந்தது. பெரிய புத்திசாலி என்று நினைப்பு. அன்று அந்தக் கடைக்காரர் ஒரு டயரைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்துச் சொன்னதை நினைத்து அப்போதெல்லாம் சிரிப்பேன்: "ரவுண்டா டயர் கேட்டா, முட்ட மாதிரி குடுத்துக்கிறியேம்மா!"

மலைப் பக்கம் இருட்டிய மதியம்

கல்வராயன் மலைப் பக்கம் இருட்டினால் எங்களுக்கு அரை மணி நேரம் கெடு. அதற்குள் வெளியே நிற்கிற சரக்கு லாரியில் ஏறியாக வேண்டும். அன்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு இருட்டியது. வெளியே நின்றது லாரி டயர். முதல் தூறல் விழுந்துவிட்டது. சூப்பர்வைசர் கத்துகிறார், லாரி டிரைவர் ஹாரன் அடிக்கிறார். நான் ஓடிப்போய் வண்டியில் ஏறி, அடுக்கை அணைத்து, தூக்கி, திரும்பினேன். திருகைப் பார்க்கவில்லை.

அடி டயர் மெதுவாக வெளியே நழுவியதை நான் பார்க்கவில்லை. அண்ணனின் கண் பார்ப்பதற்குள் கால் போய்விட்டது. உள்ளங்காலால் ஓர் உதை, கரும்புக் கழியைத் தள்ளுகிற அதே உதை. ஈர ரப்பர், பிடியும் லேசு. மொத்த அடுக்கும் அவர் வலது கால் மேல் இறங்கியது. வண்டியின் வலப் பக்கமாக மல்லாந்து விழுந்தார்.

இப்போது நான் சொல்லப் போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆட்கள் ஓடி வருவதற்குள் நான் குனிந்து பார்த்தேன். திருகு பச்சையில் இருந்தது. அதைச் சிவப்புக்குத் திருப்பினேன். அவரைப் பார்க்கும் முன் அதைத்தான் செய்தேன். பிறகுதான் அவரைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தார் என்று நினைத்தேன். நான் குதிக்கப் போனபோது கீழே இருந்து அவர் குரல் வந்தது: "வண்டிய அணைச்சிட்டு எறங்கு தங்கச்சி, அவசரப்படாத."

மூன்று நாற்காலி

ஆஸ்பத்திரியில் அண்ணனின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பத்து நாள் கழித்து கம்பெனியில் விசாரணை நடந்தது. மூன்று அதிகாரிகள், மூன்று நாற்காலி, எனக்கு ஒரு ஸ்டூல். மெக்கானிக் வண்டியைச் சோதித்துவிட்டு குறை எதுவும் இல்லை என்றார். திருகு எதில் இருந்தது என்று கேட்டார்கள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானம் செய்துகொண்டுதான் வந்தேன். வாயைத் திறந்தால் "சிவப்புல சார்" என்று வந்தது.

அடுத்து, ஆஸ்பத்திரியில் அண்ணனிடம் வாங்கி வந்த வாக்குமூலத்தைப் படித்தார்கள். தூக்கிய அடுக்குக்குக் கீழே நான்தான் காலை வைத்தேன், வண்டி ஓட்டிய பெண் மேல் தப்பு இல்லை என்று சொல்லி, கைநாட்டும் வைத்திருந்தார். தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிட்டார்கள். நின்று செய்கிற வேலைக்கு இனி அவர் ஆகமாட்டார் என்று வீட்டோடு அனுப்பிவிட்டார்கள். எனக்கு மறுநாளே வண்டியைக் கொடுத்தார்கள். வெளியே வந்து குழாயடியில் நின்று அழுதேன். பின்னாலேயே வந்த சூப்பர்வைசர் உண்மையாகவே புரியாமல் கேட்டார்: "அவரே ஒத்துக்கினாரும்மா, நீ ஏன் அழுவுற?"

டிராக்டர் பார்க்கிறவர்

ஐந்து மாதம் கழித்துத்தான் அவர் வீட்டுக்குப் போனேன். கரும்பு வெட்டுக் காலம். சாலை ஓரம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வலப் பக்கம் லுங்கி மடிந்து கிடந்தது. ஆலைக்குப் போகிற டிராக்டர்களைப் பார்ப்பதுதான் இப்போது அவருக்கு வேலை. "அந்த லோடு பின்னால சாயுது பாரு, ஏத்தினவன் தூங்கிக்கினே ஏத்திக்கிறான்" என்று எனக்கும் காட்டினார். அவர் மனைவி லட்சுமி அக்கா வேர்க்கடலை பிடுங்கும் கூலி வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். கை மண்ணைக் கழுவிவிட்டு எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். "கம்பெனிலேர்ந்து வந்து பாத்தது நீ ஒருத்திதாம்மா. நீ நல்லா இருக்கணும்" என்றார். அந்த டீயை எப்படிக் குடித்து முடித்தேன் என்று தெரியவில்லை.

அக்கா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனதும், "அண்ணா, உங்ககிட்ட ஒன்னு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். அவர் சாலையைப் பார்த்தபடியே, "பெரிய பொண்ணு பன்னெண்டாவதுதான இப்ப?" என்றார். ஆமாம் என்றேன். "அன்னைக்கி..." என்று மறுபடி ஆரம்பித்தேன். "உங்க ஊரு பஸ்சு வர நேரமாச்சு, எழுந்துரு" என்றார். கையில் இருந்த கோலால் என்னைத் துரத்துகிற மாதிரி பாவனை வேறு.

எழுந்தேன். நாற்காலிக்கு முன்னால் என் செருப்பு ஒன்று கோணலாகக் கிடந்தது. அவருடைய இடது கால் நீண்டு அதை நேராகத் தள்ளி வைத்தது. நான் அதை மாட்டிக்கொண்டு நாலு அடி போனதும் கூப்பிட்டார். திரும்பினேன். அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மெதுவாக, உள்ளே இருக்கிற அக்காவுக்குக் கேட்காத குரலில் கேட்டார்: "இப்பல்லாம் பச்சையா செவப்பான்னு பாத்துட்டுதான தூக்குற?"

ஆறு டயரை ஒரே மூச்சில் தூக்கி எங்கே வேண்டுமானாலும் இறக்கி வைக்கிற கெட்டிக்காரி என்று கம்பெனியில் எனக்கு நல்ல பெயர்தான், இந்த ஒரு கேள்வியை எங்கே இறக்கி வைப்பது என்றுதான் தெரியவில்லை.