அறுபது மில்லிமீட்டர்

மழை விழுந்ததும் எழும் மண்வாசம் பிடிக்கும் என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. இன்று மத்தியானம் கொல்லிமலையில் எங்கள் வீட்டு வாசலில் அந்த வாசம் எழுந்தது. இது ஐப்பசி. நான் சிறுமியாக இருந்தபோது ஐப்பசியில் மண் மணத்ததே இல்லை, காய்ந்தால்தானே மணக்கும்? தூறலும் சாரலுமாக நாள்கணக்கில் விடாமல் பெய்யும். பள்ளிக்கூடத்துப் பாவாடையின் ஓரத்தில் சேற்றுக்கறை மார்கழிவரை போகாது.

அப்பா மழையை நாளால் அளப்பார். "இது மூணு நாள் மழ", "இது அஞ்சு நாள் மழ." அதைத் திருத்தியவள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள். பட்டம் வாங்கி, மலைமேல் ஒரு பண்ணையில் மழைமானி பார்க்கும் வேலையும் வாங்கியிருந்தேன். கர்வம் இருக்காதா? இப்போதும் இருக்கிறது, மறைப்பானேன். தினமும் காலையில் நீரைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி அளந்து நோட்டில் எழுதுவேன். "நாள் கணக்கெல்லாம் ஆகாதுப்பா, மில்லிமீட்டர்ல சொல்லு" என்பேன். கையெழுத்துப் போடத் தெரியாத அப்பா மில்லிமீட்டர் கற்றுக்கொண்டார். அறுபது என்றால் ஓடையில் முழங்கால் தண்ணீர், நூறு என்றால் வரப்பைத் தொடும். இருவரும் சேர்ந்து போட்ட கணக்கு.

ஒரு வருடம் ஐப்பசி முழுக்க வெயில். மண் ஓடுபோல இறுகிவிட்டது. கார்த்திகையில் ஓடையோர வயலில் நெல் அறுத்துக் கட்டிப் போட்டிருந்தோம். அறுபது வரை பெய்யலாம் என்று போனில் செய்தி வந்தது.

"கதிரையெல்லாம் மேட்டுக்குத் தூக்கிரலாமா கண்ணு?"

"அறுபதுதாம்ப்பா. முழங்காலுக்கு மேல வராது."

பக்கத்து வயல் செல்லக்கா தன் கட்டுகளைச் சுமந்தபடியே சிரித்தாள். "ஏனுங்கண்ணா, உங்க புள்ள மேகத்தையே குடுவைல அடச்சு வெச்சிருக்குதா?"

"எம்புள்ள அளந்து சொல்லுது. நீயேன் சும்மா தூக்கிச் சாவுற?" என்றார் அப்பா.

சாயங்காலம் கொட்டியது. ஒரு மணி நேரம்கூட இல்லை. இறுகிய மண் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை; சரிவில் விழுந்ததெல்லாம் ஒரே சமயத்தில் ஓடைக்கு வந்து சேர்ந்தது. கதிர் போனது, வரப்பு போனது, வரப்புக்குள் இருந்த மண்ணும் போனது.

விடிந்ததும் அளந்தேன். அறுபத்தொன்று. நான் சொன்னது சரி. எவ்வளவு நேரத்தில் பெய்தது என்று எழுத அந்த நோட்டில் இடமே இல்லை. காற்று சூடேறினால் அதிக நீரைச் சுமக்கும், பிறகு ஒரேயடியாகக் கொட்டும் என்று கல்லூரித் தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள்தான் நான்.

அப்பா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பத்து நாள் கழித்து மலையடிவாரத்துக் காரவள்ளியில் மலை பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். கீழே, எங்கள் ஓடை போய்ச் சேரும் ஆற்றோரம் நிலம் வைத்திருப்பவர் ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம் பூரித்துப்போய்ச் சொன்னார்: "இந்த வெள்ளத்துல நம்ம காட்டுல ஒரு சாண் வண்டல் ஏறியிருக்குதுங்க. கருகருன்னு, வெண்ணெயாட்டம்."

அது எங்கள் வயல். அப்பாவும் அவருடைய அப்பாவும் சாணமும் தழையும் போட்டுப் போட்டு வளர்த்த மண். மேலே எங்களுக்கு மிஞ்சியது பாறை.