மூன்று எட்டு தள்ளி நின்ற கட்டைகள்

காலை 6.40. மன்னார் பஸ் நிலையத்தில் ஏறினேன். டிக்கெற் நாற்பத்தைந்து ரூபாய். முழங்கால் வைக்க இடமில்லாத இருக்கைக்கு அது கொஞ்சம் கூடத்தான். போர் முடிந்து சனங்கள் ஊர் திரும்பத் தொடங்கியிருந்த காலம். போருக்கும் சட்டம் உண்டு என்று எங்கோ படித்ததிலிருந்து, கண்ணிவெடி விஷயத்தில் அது எப்படி நடக்கிறது என்று பார்க்க எனக்கு ஒரு குடைச்சல்.

8.15. சந்தியில் இறங்கி ஓட்டோ பிடித்தேன். கட்டுக்கரை வயல்பக்கம் நாலு கிலோமீற்றர், இருநூறு ரூபாய்.

"அங்க என்னத்தைப் பாக்கப் போறியள்?" என்றார் ஓட்டோக்காரர்.

"கண்ணிவெடி எடுக்கிறதை."

"நாங்கள் அதைக் காணாமல் இருக்கத்தான் நேர்த்தி வைக்கிறம்."

8.40. வேலை நின்றுபோயிருந்தது. கண்ணிவெடி அகற்றும் குழுவின் மேற்பார்வையாளர் றெஜினா, முப்பது வயதிருக்கும், கையில் வரைபடத்தோடு முறைத்துக்கொண்டு நின்றார். வெடி எடுத்துத் துப்புரவான நிலத்தின் விளிம்பில் அவருடைய ஆட்கள் கட்டைகள் நட்டிருந்தார்கள். கட்டையின் வெள்ளைப் பக்கம் நடக்கலாம், சிவப்புப் பக்கம் கால் வைக்கக் கூடாது. இன்று கட்டைகள் நின்ற இடம் வரைபடத்தோடு ஒத்துப்போகவில்லை.

காணிக்காரர் செபமாலை. பதினெட்டு வருடம் இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் இருந்துவிட்டுத் திரும்பியவர். கட்டை வரைக்கும் உழுவதற்கு அவர் பிடித்த உழவு இயந்திரம் வரம்பில் நின்றது. அடுத்த கிழமை வாய்க்காலில் தண்ணீர் வரும். எது துப்புரவான இடம் என்று தெரியாமல் முழுவதையும் மறுபடி தோண்டித் தேடினால் இந்தப் போகம் போய்விடும். அயல் காணிக்காரர் சூசையும் வந்து நின்றார்.

"ஆர் கட்டையை அசைச்சது?" றெஜினா கேட்டார்.

கண்ணிவெடிக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்ற என் கேள்வியை, நேரம் தெரியாமல் நான் கேட்டுவைத்தேன். அவர் கோபிக்கவில்லை.

"சாதாரண சனத்தைக் குறிவைக்கக் கூடாது எண்டுதான் சட்டம். துவக்குக்காரன் ஆளைப் பாத்துச் சுடலாம், விடலாம். இது ஆளைப் பாக்காது. அதால புதைக்கிறவை வரைபடம் வச்சிருந்து, சண்டை முடியக் குடுக்கவேணும். எங்களுக்குக் கிடைச்சது அரைகுறை. இப்ப எங்கட கட்டையும் பொய் சொன்னா நான் எதை நம்புறது, ஐயா?"

செபமாலை தொண்டையைச் செருமினார்.

"நான்தான் பிள்ளை. நில அளவைக்காரர் அடிச்ச எல்லைக்கட்டை எண்டு நினைச்சுப்போட்டன். என்ர அப்பான்ர காணி அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் இருக்குது எண்டு..."

தன் காணி பெருகட்டும் என்று கட்டைகளைப் பிடுங்கிச் சூசையின் காணிக்குள் நட்டிருக்கிறார். சிவப்புப் பக்க மண்ணில் வெறுங்காலோடு நடந்திருக்கிறார்.

"கட்டை நிண்ட பழைய குழி எங்க?" என்றார் றெஜினா.

"மண் போட்டு மிதிச்சுப்போட்டன்."

"கிட்டப் போகவேண்டாம். இதில நிண்டு காட்டுங்கோ."

செபமாலை சூசையைப் பார்த்தார். காட்டினால், வந்த நாள் முதல் அவரோடு எல்லைக்காகப் பேசிவந்த வழக்கு அத்தோடு தோற்றுவிடும். சூசை, கட்டை வரைக்கும் உழக் காத்து உழவு இயந்திரத்தில் இருந்தவனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

11.30. திரும்பும் பஸ்ஸில், முழு வரைபடம் தராதவர்களை நினைத்து எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர்கள் யாரும் அந்த வரம்பில் நிற்க வேண்டியிருக்கவில்லை. செபமாலை நின்றார். கட்டை முதலில் நின்ற இடத்தை, மூன்று எட்டு தள்ளித் தன் பக்கமாகவே காட்டினார்.