லாரி நெரிசலில் தேர்ந்தெடுத்த படிப்பு

எம்.எஸ்சி. நர்சிங் கலந்தாய்வுக்கு முந்தின நாள் வரை தீவிர சிகிச்சைப் பிரிவை எடுப்பதாகத்தான் இருந்தேன். அன்று மாலை டியூட்டி முடிந்து ஷேர் ஆட்டோவில் எர்ணாவூருக்குத் திரும்பும்போது, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டோம். பக்கத்தில் இருந்த கர்ப்பிணிக்குப் பிரசவ வலி வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் நுழைய வழியே இல்லை.

என் சீருடையைப் பார்த்த அவள் கணவன், "அக்கா, நர்ஸுதானே நீ? எதுனா பண்ணுக்கா!" என்று பதறினான்.

கூட வந்த பெண்கள் துப்பட்டாக்களை விரித்து மறைப்புக் கட்டினார்கள். குழந்தை என் கைகளில் வழுக்கி வந்து வீறிட்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மறுநாள் கலந்தாய்வில் எந்தப் பிரிவு வேண்டும் என்று அதிகாரி கேட்டு முடிப்பதற்குள், "மகப்பேறு நர்சிங், சார்!" என்று சொல்லிவிட்டேன்.

வெளியே வந்து அம்மாவுக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"ஐசியூன்னு சொல்லிகினு இருந்தியேடி, இன்னா ஆச்சு?"

சிரித்துக்கொண்டே, ஆட்டோவில் பிறந்த குழந்தையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.