இழுக்காமல் விட்ட தூண்டில்

போன சனிக்கிழமை வாயை மூடிக்கொண்டு தூண்டில் போட்டேன். தூண்டில் போட்டதை நம்புவீர்கள், வாயை மூடியதை...?

கோயமுத்தூரில் குடித்தனம் நடத்தும் என் மகள் ரோஸி, திடீரென்று தனியாக வந்து நின்றாள். கையில் இரண்டு பெரிய பெட்டி. மாப்பிள்ளை ஜெரால்டு வரவில்லை. ஒரு வாரமாகியும் திரும்பிப் போகிற பேச்சே இல்லை. என்ன ஏது என்றால், "அவரையே கேளுங்கப்பா" என்று சொல்லிவிட்டு செல்போனுக்குள் புகுந்துவிடுகிறாள். பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர்களே, சொல்லுங்கள் — அந்தப் பெட்டிகளைப் பார்த்த பிறகு சோறு இறங்குமா?

சனிக்கிழமை மாப்பிள்ளையே வந்தார். கையில் தூண்டில் கம்பு. "மாமா, குளத்துப் பக்கம் போவமா?"

என் வீட்டுக்காரி அடுப்படியில் என்னை ஓரங்கட்டினாள். "ஊரெல்லாம் பேசுற வாயி, மருமகன்கிட்ட மட்டும் ஏன் ஒட்டிக்கிது? இன்னிக்குக் கேக்காம வீட்டுக்கு வராதீங்க."

சின்னாளபட்டி தாண்டி ஒரு குளம். குத்தகைக்காரர் தெரிந்தவர். மாப்பிள்ளை டப்பாவைத் திறந்தார். உள்ளே விரல் நீளத்துக்கு பிளாஸ்டிக் மீன்கள், வயிற்றுக்கு அடியில் கொக்கி. ஜெர்க்பெய்ட் என்று பெயராம். வெளிநாட்டில் பாஸ் என்கிற மீனுக்காகச் செய்தது; நம்ம ஊர் விராலும் ஏமாறுமாம்.

வெள்ளி மாதிரி மினுக்கிய ஒன்றை எடுத்தேன்.

"அது தெளிஞ்ச தண்ணிக்கு மாமா. இது கலங்கிக் கெடக்கு. பளிச்சுனு மஞ்சளக் கட்டுங்க. மீனு கண்ணுல படணும்ல? பாசி இல்லாத எடமாப் பாத்து எறிங்க, கொக்கி சிக்கிக்கிரும்."

எறிந்தேன். இழுத்தேன்... கூடவே பேச்சையும். பெட்ரோல் விலை, கோயமுத்தூர்க் குளிர், ஆபீஸ் கேன்டீன் — பெட்டியைத் தவிர எல்லாவற்றையும் கேட்டேன். மனுஷர் "ம்", "ஆமா மாமா" என்பதோடு சரி.

கடைசியில் அவரே பொறுக்க மாட்டாமல் சொன்னார். "இப்பிடி விடாம இழுத்தா, விரால் பின்னாடியே வந்து பாத்துட்டுப் போயிரும் மாமா. கம்ப வெடுக்குனு ரெண்டு வெட்டு வெட்டுங்க. அப்புறம் நூலத் தளர்த்திட்டு சும்மா விடுங்க. இது முங்காது, மெதக்காது. நடுத்தண்ணியில அப்பிடியே நிக்கும். அடிபட்ட மீனுன்னு நெனச்சு, அப்பத்தான் வந்து கவ்வும்."

"எம்புட்டு நேரம் விடணும்?"

"ஒரு அருள் நிறைந்த மரியே சொல்ற நேரம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். "மனசுக்குள்ள, மாமா."

ஜெபத்துக்கு நடுவில் பேச முடியுமா? இரண்டு வெட்டு... ஒரு மந்திரம். இரண்டு வெட்டு... ஒரு மந்திரம். பிறந்ததிலிருந்து நான் இவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை.

எத்தனையாவது மந்திரமோ, பாதியில் இருக்கிறேன். பக்கத்தில் குரல் வந்தது.

"மாமா... கொடைரோடு பக்கம் ஒரு மில்லுல வேலை கெடச்சிருக்கு. ஒங்க மாடி காலியாத்தான கெடக்குன்னு ரோஸி சொல்லுச்சு. வாடகை குடுத்துருவோம். ஆனா, வீட்டோட மாப்பிள்ளைன்னு நாலு பேரு... நீங்களும் அப்பிடி நெனச்சிருவீங்களோன்னு எனக்குக் கேக்க வாய் வரல. 'எங்கப்பா வேணாம்பாரா, நீங்களே கேளுங்க'ன்னு பாதிச் சாமானோட அது கெளம்பி வந்துருச்சு."

"அம்புட்டுத்தானா மாப்ள?"

ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பெட்டிகளையும் யாரோ இறக்கிவைத்த மாதிரி இருந்தது. மாப்பிள்ளையின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துத்தானா கம்பு வளைய வேண்டும்? ஒற்றைக் கையால் என்ன செய்ய... விரால் உதறிவிட்டுப் போய்விட்டது.

"போச்சு மாமா."

"போகட்டும் மாப்ள."

ஒருவர் மனசில் இருப்பதைத் தெரிந்துகொள்ள நாம் கேள்வி மேல் கேள்வியாகப் போடுகிறோம். அவர் சொல்ல வரும் நேரத்தில் அடுத்த கேள்வியை எறிந்துவிடுகிறோம். சும்மா நிற்கிற தூண்டிலைத்தான் விராலே நம்புகிறது. மனுஷர்கள் மட்டும்...?

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் என் வீட்டுக்காரி மாடிச் சாவியைத் தேடி ஓடினாள். சாவி கிடைத்த பிறகுதான் ஞாபகம் வந்து கேட்டாள். "வாயே தெறக்காத மனுஷன்கிட்ட அப்பிடி என்னதான் கேட்டீங்க?"

"ஒண்ணுமே கேக்கல."

இதுவரை அவள் நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள்.